பட்டினி வண்டி

ஜனவரி 12

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே உன் அண்ணி நலம், கடை நலம். என் வலது கணுக்கால் மட்டும் நலமில்லை. நவம்பரில் கடையில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன். ஆள் இருக்கும்போது முதலாளி ஏன் ஏறினார் என்று ஊரே கேட்டாகிவிட்டது, நீயும் கேட்காதே. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். இப்போது பிசியோதெரபி அம்மா ஒருவர் வந்து, பாதத்தை தினம் முந்நூறு தடவை அழுத்தி எடுக்கச் சொல்கிறார். சுவரில் கால் வைத்து அழுத்தினேன். நாலாம் நாளே அலுத்துப்போயிற்று.

மேல்மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா சுவத்தை அழுத்துறதுக்கு இதை அழுத்துங்க சார்" என்று ஒரு ஸ்டீயரிங்கையும் மூன்று பெடலையும் கொண்டுவந்து மேஜையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். திரையில் கார் ரேஸ் ஓடுகிறது. நிஜ வண்டி எப்படிப் போகுமோ அப்படியே போகுமாம். பொம்மைக்கு ஆசைப்படும் வயதா எனக்கு? மருந்து என்று நினைத்து அழுத்துகிறேன்.

நிற்க. கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு சந்தேகம். வளைவில் திரும்பும்போது பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு முன்னால் வந்துவிடுகிறதாம். நேற்று ஒரே காலைப்பொழுதில் பதினான்கு தடவை அப்படி ஆகியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இது எதனால்? என் தங்கை சுரங்கத்தில் கல் ஏற்றும் டம்பர் லாரி ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்டு, உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற இடம் அது, வாரம் ஒருமுறை சாமான் வண்டியில்தான் தபால் என்று தெரியும். அவசரமில்லை. ஆனாலும் சீக்கிரம் எழுதினால் நல்லது. வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜனவரி 30

அண்ணனுக்கு,

நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். கால் முறிந்த விஷயம் இப்போதுதான் தெரியும். யாரும் எழுதவில்லை.

வாடிக்கையாளர் கேட்டதற்கு: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாயும். பின் சக்கரங்களில் பாரம் குறைந்து பிடி விடும். அதனால்தான் பின்பக்கம் வீசுகிறது. வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு காலுக்குப் பதற்றம் கூடாது. எடுப்பதானாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கணும்.

ஒரு காலைப்பொழுதில் பதினான்கு தடவை சுழன்றும் உடம்புக்கு ஒன்றும் ஆகாதவர் அதிர்ஷ்டசாலி.

வேறு விசேஷம் இல்லை. காலைக் கவனித்துக்கொள்ளவும்.

தங்கை


பிப்ரவரி 9

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகம் என்று அறிந்து திருப்தி. இங்கும் சுகம். கால் முக்கால்வாசி தேறிவிட்டது. "இவ்வளவு ஒழுங்கா பயிற்சி செய்யற ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று பிசியோதெரபி அம்மா அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஏன் என்று தெரியவில்லை.

நீ எழுதியபடி வாடிக்கையாளர் செய்து பார்த்தார். பதினான்கு, மூன்றாகக் குறைந்திருக்கிறது. ரொம்ப நன்றி சொல்லச் சொன்னார். அவருக்கு இப்போது இன்னொரு பிரச்சினை. நாலு சுற்று ஓடியதும் பிரேக் மெத்து மெத்தென்று ஆகி, மிதித்தாலும் நிற்பதில்லை. சூடாகிவிட்டதாம். பாப்பா, நான் முப்பது வருஷமாக நானூற்றுப் பதினேழு விற்கிறேன். முன் பிரேக் பேட், நம்பர் நானூற்றுப் பதினேழு. எனக்கு அது மூன்றாவது தட்டில் இருக்கும் சிவப்புப் பெட்டி. அது சூடாகும், சூடானால் பிடிக்காது என்று ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பெட்டியை எடுப்பேன், பில்லைப் போடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் ஓட்டுவதற்கு நூற்றுக்கணக்கான வண்டிகள் இருக்கின்றன. அதில் பட்டினி வண்டியும் இருக்கிறது! உனக்கு நினைவிருக்கும், பெட்டி மாதிரி சதுரமாக, உருண்டை விளக்கு வைத்த பழைய வண்டி. அதற்கு எதுவும் கெட்டுப்போகாது, அதை நம்பினால் ஸ்பேர் பார்ட்ஸ்காரன் பட்டினிதான் என்று கடையில் நாங்கள் வைத்த பெயர். அந்த வண்டிக்காக வாங்கிவைத்த கிளட்ச் பிளேட் பதினொரு வருஷம் தூங்கியது. எத்தனை தடவை திட்டியிருப்பேன்! மற்ற வண்டியெல்லாம் வழுக்கும்போது அது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாயோ அவ்வளவுதான் திரும்பும். வாடிக்கையாளருக்கு இப்போது வேறு வண்டியே பிடிப்பதில்லையாம்.

பிரேக் சூட்டுக்கு என்ன வழி? எழுது.

அண்ணன்

(அண்ணி எழுதுவது: கடிதத்தை ஒட்டுவதற்குள் இரண்டு வரி. அந்த வாடிக்கையாளர் நம்ம வீட்டில்தான் சாப்பிடுகிறார். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து உடம்பையும் சாய்க்கிறார். நாற்காலி ஒருதரம் கவிழ்ந்தாயிற்று. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.)


பிப்ரவரி 27

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே நான் சுகம். குளிர் குறைந்துவிட்டது. காலையில் பனிமூட்டம் இருப்பதால் முதல் நடையைத் தாமதமாகத்தான் எடுக்கிறோம்.

வாடிக்கையாளருக்கு: பிரேக்கில் மட்டும் வேகத்தைப் பிடித்தால் சூடாகத்தான் செய்யும். கியரை இறக்கி இன்ஜினையும் பிடிக்கச் சொல்ல வேண்டும். எங்கள் மலையை மேலிருந்து வெட்டுகிறார்கள். அதனால் பாரத்தோடு இறங்குகிறோம். தொண்ணூறு டன் கல். ஏழு வளைவு. இறக்கம் முழுக்க நான் பிரேக்கைத் தொடுவதே இல்லை. வேகத்தைப் பிடித்துவைக்க ரிடார்டர் என்று தனியாக ஒன்று உண்டு. அதையும் கியரையும் வைத்தே இறக்க வேண்டும். பிரேக் கடைசியில் வண்டியை நிறுத்துவதற்கு மட்டும்.

இன்னொரு விஷயம். அவர் வளைவில் சுவரைப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். பயந்தவர்கள் எல்லாரும் இடிக்கப்போகிற சுவரைத்தான் பார்ப்பார்கள், கையும் அங்கேயே கொண்டுபோய் விடும். பாதை எங்கே திறக்கிறதோ அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.

அவருக்கு வயது என்ன? கேட்டு எழுதுங்கள்.

ஒன்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி உங்கள் கடிதத்தில் வந்த முதல் கேள்விகள் இவை. கேட்டது வாடிக்கையாளர்தான். ஆனாலும் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கை


மார்ச் 8

பாப்பாவுக்கு,

சுகம்தானே? இங்கே நாங்கள் சுகம்.

வாடிக்கையாளருக்கு வயது ஐம்பத்தைந்து. போதுமா? நான்தான். உன் அண்ணி கடிதத்தின் அடியில் எதையோ கிறுக்கும்போதே சந்தேகப்பட்டேன், கேட்டால் "தபால் தலை ஒட்டுறேன்"கிறாள்.

ஒளித்து என்ன ஆகப்போகிறது, உள்ளதைச் சொல்கிறேன். எனக்குக் கார் பைத்தியம் பிடித்துவிட்டது. சுவரைப் பார்க்காதே என்று நீ எழுதியது வந்த அன்றே ஒரு சுற்றுக்கு ஏழு விநாடி குறைந்தது. இப்போது இரண்டு நிமிஷம் பத்தொன்பது விநாடி. கம்ப்யூட்டர்காரர் இரண்டு பதினாறு. "சார், நீங்க அந்த ஓட்டை வண்டியை விட்டுட்டு நல்லதா ஒண்ணு எடுங்க" என்கிறார். "தம்பி, நீங்க வண்டியைப் பார்க்கறீங்க, நான் முப்பது வருஷமா அதோட உதிரியைப் பார்த்தவன்" என்றேன். பட்டினி வண்டியை விட்டு இறங்குவதாக இல்லை.

நிஜத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. நம் தெரு முனையில் பல் டாக்டர் இருக்கிறார் அல்லவா, அவரிடம் ஒன்று இருக்கிறது. பல் வலி என்று போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கச் சொன்னார். "டாக்டர், வாய் இருக்கட்டும், நீங்க பானெட்டைத் திறப்பீங்களா?" என்றேன்.

"ஏன், ஏதாவது ஒழுகுதா?"

"ஒழுகாது. அது ஒழுகினதே கிடையாது. சும்மா பார்க்கணும்."

மனுஷன் கையுறையைக் கூடக் கழற்றவில்லை, வந்து திறந்து காட்டினார். பாப்பா, எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ரேடியேட்டர் ஹோஸ் இருநூற்று நாலு. ஃபேன் பெல்ட் ஐம்பத்தொன்று. கார்புரேட்டர் கிட் அறுநூற்று முப்பது. விரலை வைத்து வைத்து நம்பர் சொன்னேன், டாக்டர் அசந்துபோனார். ஆனால் இது அதைத் தள்ளுகிறது, அது இதைச் சுற்றுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். கண், காது, மூக்கு என்று தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தவன் முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்தேன். அவர் சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் கிளம்பியது. இருபத்தாறு வருஷ வண்டி! நான் ஏதோ என் பிள்ளை பரீட்சையில் தேறியது போல அக்கம்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வண்டியை விற்பதானால் எனக்கு முதலில் சொல்லச் சொன்னேன். விற்கமாட்டேன் என்கிறார். அதுதான் அந்த வண்டிக்கு மரியாதை.

இரண்டு பதினாறுக்குக் கீழே வர என்ன செய்ய வேண்டும்? விவரமாக எழுது.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணனுக்கு,

நலம். உங்கள் கால் தேறியதில் சந்தோஷம். பதில் தாமதம். வேலை இல்லாமல் இல்லை, ஆனால் தாமதத்துக்கு அது காரணமில்லை.

உங்கள் கடிதத்தைப் பலதடவை படித்தேன். பல் டாக்டரின் வண்டியைத் திறந்து பார்த்ததை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எழுத்து, சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

கனரக உரிமம் வாங்கிய அன்று, சிமெண்டு ஏற்றிய லாரியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். உங்களுக்குக் காட்டத்தான் அந்த வழியாக வந்தேன். "அண்ணே, ஏறுங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்"னு கூப்பிட்டேன். கடையில் நாலைந்து லாரிக்காரர்கள் இருந்தார்கள். "டிரைவர் பக்கத்து சீட்டுல கிளீனர்தான் உட்காருவான். நான் முதலாளி" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நலம், நலமறிய ஆவல் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போது பொம்மை ஸ்டீயரிங் ஒன்று வந்ததும் டிரைவர் வேலை உங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

இங்கே வருஷத்துக்கு ஒருநாள், ஜூன் முதல் ஞாயிறு, குடும்ப நாள் என்று வைக்கிறார்கள். டிரைவர் தன் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றி ஒரு நடை போய் வரலாம். யார் வருகிறார்கள் என்று எழுதித் தர ஒரு தாள் கொடுப்பார்கள். நான் எட்டுத் தடவை "யாரும் இல்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷத் தாளும் வந்துவிட்டது. மே பத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இதை அழைப்பாக எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


ஏப்ரல் 21

பாப்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. உடம்பு நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நான் வியாபாரி. சரக்கில் குறை இருந்தால் குறை என்று சொல்லித்தான் விற்றிருக்கிறேன். என் குறையை மட்டும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணியைத் தவிர.

எனக்கு இருபத்துநாலு வயது. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து நட்டும் போல்ட்டும் விற்ற காலம் முடிந்து, கடை பிடித்து, பழைய வேன் ஒன்று வாங்கியிருந்தேன். நீ அப்போது பள்ளிக்கூடம். டிரைவர் வைக்க மனமில்லாமல் நானே கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாம் நாள், ஒரு முடுக்கில் திரும்பும்போது எதிரே ஒரு அம்மா குழந்தையோடு வந்தார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன். வேன் அவர்களை ஒரு முழ இடைவெளியில் தாண்டிப்போய்ச் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. அந்த அம்மா என்னைத் திட்டவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அந்தச் சுவர் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றோடு விட்டேன். "முதலாளி ஏன் ஓட்டறதில்லை?"னு யார் கேட்டாலும் "முதலாளி எதுக்கு ஓட்டணும்?"னு கேட்டு வாயை அடைத்தேன். வேனில் போனாலும் பின்னால் உட்கார்ந்து பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். வழியைப் பார்க்க மாட்டேன். பயந்தவர்கள் சுவரைத்தான் பார்ப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அன்றைக்கு நீ அவ்வளவு பெரிய லாரியிலிருந்து எட்டிப்பார்த்துக் கூப்பிட்டாய். என் தங்கை ஓட்டுகிறாள், எனக்கு முடியவில்லை. நாலு பேர் எதிரில் ஏறி உட்கார்ந்து, கை நடுங்கினால் என்ன செய்வது? அதற்குத்தான் அந்தக் கிளீனர் பேச்சு. சொன்னது தப்பு. சொன்ன மறுநாளே தெரியும் தப்பு என்று. ஒன்பது வருஷம் தெரிந்தே சும்மா இருந்தேன், அது இன்னும் பெரிய தப்பு.

இந்த விளையாட்டில் இடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஓட்டினேன். ஓட்ட ஓட்ட, எனக்கு வண்டியைப் பிடிக்காமல் இல்லை, முப்பது வருஷமாகப் பயந்துகொண்டு பிடிக்காதவன் போல நடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

தகவலுக்காக எழுதியதாகச் சொன்னாய். நானும் நேராகவே கேட்கிறேன். அந்தத் தாளில் என் பெயரை எழுதுவாயா? மாட்டேன் என்றாலும் அது உன் நியாயம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 14

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

நீ நல்லபடி இருக்கிறாயா? இங்கே நான் இருக்கிறேன். உன் அண்ணனும் இருக்கிறார், ஆனால் இருக்கிற மாதிரி இல்லை. மூன்று வாரமாக ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, மேலே துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார். தபால்காரரைக் கண்டால் எழுந்து வாசலுக்குப் போகிறார். "கால் பயிற்சி" என்கிறார். பத்தாம் தேதி தாண்டிய பிறகு வாசலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர்காரர் வந்து "சார், பட்டினி வண்டி உங்களைத் தேடுது" என்று சொன்னதற்கும் சிரிக்கவில்லை.

என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும், படித்துக் காட்டினார். அதில் அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அன்றைக்கு நீ லாரியை எடுத்துக்கொண்டு போனதும், சிரித்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு நடுத்தெருவில் போய் நின்றார். முனை திரும்பி நீ மறைகிறவரை நின்றார். உள்ளே வந்து என்னிடம் மெதுவாக, "திரும்பறப்போ இண்டிகேட்டர் போட்டா, பார்த்தியா? ஒரு பயலும் போடமாட்டான்" என்றார்.

அவருக்காக நான் வக்கீலாக வரவில்லை. நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அண்ணி


மே 19

அண்ணா, அண்ணி இருவருக்கும்,

சுகம். மழையில் பாதை அரித்துக்கொண்டு போனதால் மூன்று வாரம் சாமான் வண்டி வரவில்லை. அண்ணாவின் ஏப்ரல் கடிதமும் அண்ணியின் கடிதமும் இன்று ஒரே பையில் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன்.

அண்ணா, அந்தத் தாளை நான் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதியே கொடுத்துவிட்டேன். உங்களுக்கு எழுதி இரண்டாம் நாள்.

ஜூன் முதல் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். காவலர் கேட்டால் ஏழாம் நம்பர் வண்டி என்று சொல்லுங்கள். செருப்பு கூடாது, மூடிய ஷூ. தலைக்கவசம் இங்கே தருவார்கள். டவுனிலிருந்து ஊழியர் வேன் உண்டு. முன் சீட்டு காலியாக இருந்தால் முன்னால் உட்காருங்கள். வழியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

அண்ணி, அந்த இண்டிகேட்டர் விஷயத்தை ஒன்பது வருஷம் எங்கே வைத்திருந்தீர்கள்?

பாப்பா


ஜூன் 9

பாப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணி நலம். நீயும் நலம் என்று இந்தத் தடவை கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால் விசாரிக்கவில்லை.

நேரில் சொல்ல வாய் வராததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

ஊழியர் வேனில் முன் சீட்டில்தான் உட்கார்ந்தேன். வழியைப் பார்த்தேன். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் உள்ளே போய்த்தான் பிரேக் போட்டார். சொல்லலாமா என்று நாக்கு வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வாசலில் காவலர் பெரிய நோட்டை நீட்டி நிரப்பச் சொன்னார். "யாரைப் பார்க்கணும்?" என்றார். "ஏழாம் நம்பர் வண்டி" என்றேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

"டீச்சரையா? நீங்க டீச்சருக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"டீச்சருக்கு அண்ணன் இருக்காரா! சொன்னதே இல்லையே!"

சொல்லிக்கொள்கிற மாதிரி நான் நடந்துகொள்ளவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். எதற்கு டீச்சர் என்கிறார்கள் என்றும் புரியவில்லை. கேன்டீனில்தான் புரிந்தது. ஒவ்வொருத்தராக வந்து கையைக் கொடுத்தார்கள். "நான் டீச்சர்கிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டேன்", "முதல் இறக்கத்துல நான் அழுதுட்டேன் சார், டீச்சர்தான் பக்கத்துல உட்கார்ந்து இறக்கினாங்க." மீசையெல்லாம் வைத்த ஆட்கள்! இருபத்தாறு டிரைவர்களில் பத்தொன்பது பேர் உன்னிடம் கற்றவர்களாம். ஆறு வருஷமாகப் புது டிரைவர் யார் வந்தாலும் உன் கையெழுத்து இல்லாமல் பாரத்தோடு இறங்க முடியாதாம். இதில் ஒரு வரி நீ எழுதவில்லை. நான் கேட்டிருந்தால்தானே எழுதுவாய்.

இப்போது அந்த நடையைப் பற்றி. வண்டி நம் வீட்டு மாடி உயரம். மேலே உட்கார்ந்ததும் பாதை ஒரு நாடா மாதிரி தெரிந்தது. ஒருபக்கம் மலை, ஒருபக்கம் ஒன்றுமில்லை. பின்னால் தொண்ணூறு டன். கை நடுங்கத்தான் செய்தது, முழங்காலுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டேன். நீ அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாய்.

முதல் வளைவுக்கு வெகு முன்பாகவே நீ கியரை இறக்கிவிட்டாய். இன்ஜின் சத்தம் மாறியது. பாரம் முன்னால் சாய்வது என் முதுகில் தெரிந்தது. மேஜையில் மாட்டிய ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் அது கிடைக்காது பாப்பா. நீ வளைவைப் பார்க்கவே இல்லை, அதற்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாய். கை ஒருதரம்தான் திரும்பியது, ஒரே சீராக, திருத்தவே இல்லை. இரண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவதில் நீ சொன்னாய்: "அண்ணே, காலை எடுங்க. அந்தப் பக்கம் பிரேக் இல்ல." குனிந்து பார்த்தால் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது!

"பயிற்சி" என்றேன்.

"போதும், தரை ஓட்டையாயிடும்" என்றாய். மிச்சம் நாலு வளைவையும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன்.

கீழே வந்து நின்றதும் திரும்பிப் பார்த்தேன். ஏழு வளைவு இறங்கி, ஒரு கல் சிந்தவில்லை. இந்த விளையாட்டைத் தொடாமல் அங்கே வந்திருந்தால், பெரிய வண்டி மெதுவாகப் போகிறது, இதிலென்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டு இறங்கியிருப்பேன். முந்நூறு தடவை சுழன்று, நூறு தடவை சுவரில் இடித்தவன் என்பதால், நீ செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அதைவிடச் சுத்தமான வேலையை யாரும் எந்தத் தொழிலிலும் செய்து நான் பார்த்ததில்லை. நான் சரக்குக்கு மதிப்புச் சொல்கிற ஆள், இதில் பாசத்துக்காக ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கண்ணில் தூசி என்று சொன்னேன். கண்ணாடி ஏற்றியிருந்த ஏசி கேபினில் தூசி எங்கிருந்து வரும் என்று நீ கேட்கவில்லை. நன்றி.

நேற்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். கற்றுக்கொடுப்பவர் முதல் நாளே, "சார், வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கறீங்களே, இதுக்கு முன்னாடி யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார். சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அண்ணிக்கு என் அன்பு. அடுத்த வருஷத் தாளில் அண்ணி பெயர்தான், இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் கீழே கேன்டீனில் உட்கார்ந்திருக்கலாம். பசங்க உங்களைத் தேடுகிறார்கள். நம்பர் சொன்னால் எந்த வண்டியின் எந்தப் பாகம் என்று சொல்கிற ஆள் இன்னொரு தடவை வருவாரா என்று கேட்கிறார்கள்.

ஓட்டப் பழகுவது பற்றி: முதல் மாதம் முடுக்குகளில் போக வேண்டாம். அகலமான பாதையில் போங்கள். பயம் வந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள், நிறுத்துவதில் கௌரவம் பார்க்காதீர்கள். என்னிடம் கற்றவர்கள் எல்லாரும் ஒருநாளாவது ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

நேற்று நடை முடிந்து வரும்போது வாசல் காவலர் கைதட்டிக் கூப்பிட்டார். மாதக் கடைசி, நோட்டை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டுமாம். அன்றைய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். பெயர், ஊர், வந்த நேரம் எல்லாம் சரியாக இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் மட்டும், உங்கள் கையெழுத்தில், "ஏழாம் நம்பர் டிரைவரின் அண்ணன்" என்று இருந்தது.

"இது தொழில் இல்லையே டீச்சர். அடிச்சுட்டு வியாபாரம்னு எழுதிடவா?" என்று பேனாவைத் திறந்தார்.

"அப்படியே இருக்கட்டும். எங்க அண்ணன் எழுதினா தப்பு வராது" என்றேன்.

பாப்பா